உரிமையாளர் வரவில்லை

ஒரு மனிதன் தன் சொந்த நிலத்தின் நடுவில், பட்டப்பகலில், இரண்டு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் இல்லாமல் இருக்க முடியுமா?

சும்மா யோசித்துப் பார்க்க நல்ல கேள்விதான். மேசைமேல் போட்டு ஒரு மாலை முழுக்க உருட்டலாம், யாருக்கும் நஷ்டமில்லை. செயின்மேனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவரிடம் இதை நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். இருந்தேன் என்று சொன்னால் இழப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை போய்விடும். இல்லை என்று சொன்னால் உரிமை தங்கும். அவருடைய மனைவி கட்ட நினைத்திருந்த கடை அந்த ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது பெரிதாகப் பயன்பட்டதில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தோரு ஆண்டு சங்கிலி பிடித்தவர். நிலத்தை அளக்கும்போது சர்வேயர் ஒரு முனையில் நின்று எழுதிக்கொள்வார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடப்பவர்தான் செயின்மேன். இரும்புச் சங்கிலி போய் நாடா வந்த பிறகும் வேலையின் பெயர் மாறவில்லை, முள்ளும் மாறவில்லை.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல மாட்டேன். தன் வேலையைப் பற்றி அவருக்கு இருந்த கருத்துகளை ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். தொய்ந்த நாடா பொய் சொல்லும், அதனால் இழுத்துப் பிடிக்க வேண்டும். நாடா எதைத் தொடுகிறதோ அதை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும், தொடாதது நம் கணக்கில் இல்லை. எதற்காக அளக்கிறோம் என்று கேட்கவே கூடாது. இந்த மூன்றுக்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்பது போல வாழ்ந்தார்.

எல்லைத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க முந்துவார்கள். இரண்டையும் மறுத்துவிட்டுச் சொந்தக் காசில் குடிப்பார். நேர்மை என்று இதைச் சொல்லலாம். யாருடைய டீ நன்றாக இருந்தது என்று பிறகு யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் என்றும் சொல்லலாம். அவரிடம் கேட்டால் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லிக் குடிப்பதற்காக என்பார்.

பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது. மனைவி போர்வையை மடிக்கும்போது எதிரே போய் இரண்டு மூலைகளையும் பிடித்து, போர்வை முறுக்கேறும்வரை இழுப்பார். பக்கத்து வீட்டில் கொடிக்கயிறு கட்டினால் இவர் கை தானாக நீளும். "இவர்கிட்ட எதையும் நீட்டாதீங்க, முனையைப் பிடிச்சுக்குவார். அப்புறம் நீங்க விடச் சொல்லணும்" என்று மனைவி எல்லோருக்கும் எச்சரிக்கை கொடுத்து வைத்திருந்தார்.

மனைவியும் நாடா வைத்துப் பிழைப்பவர்தான். தையல்கடை. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. தலையை இடித்துக்கொள்ளாமல் அளவு கொடுத்த வாடிக்கையாளர் யாரும் கிடையாது. தையல் மிஷினை அங்குமிங்கும் நகர்த்த முடியாது. மேலே யாராவது அவசரமாக இறங்கினால் ஊசிப்பெட்டி குதிக்கும். புருஷன் நாடாவும் மனைவி நாடாவும் ஒரே ஆணியில் தொங்கினாலும் குணம் வேறு. அவர் அங்குலத்தில் நூலளவு பிசக மாட்டார். இவரோ பெருத்துக்கொண்டு வருகிறவர்களுக்குச் சொல்லாமலே அரை அங்குலம் கூட்டித் தைப்பார். கேட்டால், "அவர் நாடா அரசாங்கத்துக்கு. என் நாடா மனுஷங்களுக்கு" என்பார்.

கட்டடத்துக்காரர் அந்த மாடிப்படி இடத்தைத் திரும்பக் கேட்டார். ஜெனரேட்டர் வைக்கப் போகிறாராம். ஜெனரேட்டர் வாடகை தராதே என்று தையல்காரம்மா நியாயம் கேட்டார். "ஆனா அது பேசாதேம்மா" என்றார் கட்டடத்துக்காரர்.

அப்போது அவர்களுக்கென்று ஒரு நிலம் இருந்தது. செயின்மேன் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. பஸ் டிப்போவின் பின்பக்கம், மூன்று எல்லைக் கற்கள் கூடுகிற இடத்தில் ஒரு முக்கோணம். யாரும் சீண்டாத துண்டு. கற்கள் சரியாக இருக்கின்றன என்பதற்காக அதை வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். முதல்முறை பார்த்தபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்று, "மூணு மூலைத் துணியில என்னங்க தைக்கிறது? கைக்குட்டைகூட வராதே" என்றார். பிறகு திரும்பிப் பார்த்தார். டிப்போவின் பின்கேட்டிலிருந்து டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் மேலும் யூனிஃபார்ம். எல்லோருக்கும் தொப்பை. ஓர் ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு செட், நடுவில் இடுப்பைப் பிரித்துவிடும் வேலை வேறு. கைக்குட்டை அந்த நிமிடமே கடையாகிவிட்டது.

சிறுகச் சிறுகச் சேர்த்ததை எடுத்துக் கடைக்கால் தோண்டி, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் எழுப்பினார் தையல்காரம்மா. வாசல் எந்தப் பக்கம், வெட்டும் மேசை எங்கே, அளவு கொடுப்பவர் நிமிர்ந்து நிற்க எவ்வளவு உயரம் என்று எல்லாம் மனதில் கட்டி முடித்தாயிற்று. கையில் காசு தீர்ந்ததும் வேலை நின்றது. செங்கல்லை யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று செயின்மேன் முள்ளை வெட்டிப் போட்டு முழுவதையும் மூடிவைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் முள்காடு. அவ்வளவு நன்றாக மூடியிருந்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், கெடுதலைக்கூட.

இரண்டு நாளைக்கு ஒருமுறை வாளியில் தண்ணீர் கொண்டுபோய் முள்ளுக்கு இடையே விட்டுச் செங்கல்லை நனைப்பார். அப்படிப் போன ஒரு காலையில் நிலத்தருகே ஜீப் நின்றது. புதிதாக மாற்றலாகி வந்த சர்வேயர் கையில் பலகையும் தாளுமாக இருந்தார். அவருடைய செயின்மேனுக்குப் பல்வலி, லீவு. நாடாவின் மறுமுனையை ஜீப் டிரைவர் பிடித்திருந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் நாடா. நாடா துணி காயப்போடும் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. வாளியைக் கீழே வைத்தார். "அந்த முனையை இப்படிக் கொடுப்பா" என்று டிரைவரிடம் வாங்கிக்கொண்டார். நீங்கள் யார் என்று சர்வேயர் கேட்டார். முப்பத்தோரு வருடம் செயின்மேன் என்றார். தன்னைப் பற்றி அன்றைக்கு அவர் சொன்ன விவரம் அவ்வளவுதான். நல்லவேளை வந்தீர்கள் அண்ணே என்று சர்வேயர் மகிழ்ந்துபோனார்.

மூன்று பக்கமும் அளந்தார்கள். தொய்வான நாடா நீளத்தைக் கூட்டித்தான் காட்டும். டிரைவர் கையிலேயே விட்டிருந்தால் நிலம் சாண் அளவாவது பெருத்திருக்கும். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சர்வேயர் கேட்டார். செயின்மேன் நாடா போகிற கோட்டைப் பார்த்தார். நாடா முள்ளைத் தொட்டது, செங்கல்லைத் தொடவில்லை. "முள்ளுங்க" என்று சத்தமாகச் சொன்னார். முள் மண்டிய தரிசு என்று சர்வேயர் எழுதிக்கொண்டார்.

அளவுத் தாளின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தன. இடதுபக்கம் சங்கிலி பிடித்தவர் கையெழுத்து, வலதுபக்கம் உரிமையாளர் கையெழுத்து. முப்பத்தோரு ஆண்டும் எங்கே போட்டாரோ அங்கேயே, இடதுபக்கம், போட்டுக்கொடுத்தார். வலதுபக்கக் கோட்டில் சர்வேயர் 'வரவில்லை' என்று எழுதினார். ஜீப் போனதும் செயின்மேன் வாளியைத் தூக்கிச் செங்கல்லுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கால்சட்டையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று ஊசிகளுக்கு இடையே கேட்டார்.

"நாடா பிடிச்சேன். வேலை இருந்தது."

"ரிடையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. யாரு நிலம்?"

"நம்மளுதுதான்."

தையல்காரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஏழு ஊசிகள். ஏழாவதை வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எதுக்குங்க அளந்தாங்க?"

"அதை நாம கேட்கக் கூடாது."

கேட்காமல் போனதன் விடை பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு கண்டக்டர் மூலமாகக் கடைக்கு வந்தது. இடுப்பைப் பிரித்துவிட வந்தவர், டிப்போவின் பின்னால் புதிய சாலைக்கு நேற்று கல் நட்டுவிட்டார்கள், உங்கள் முக்கோணமும் அதற்குள்தான் போகிறது போல என்று போகிறபோக்கில் சொன்னார். அன்று மதியமே இருவரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள். நிலத்தைக் கையகப்படுத்தி உத்தரவு போட்டாயிற்று. இழப்பீடு தரிசு நிலத்தின் விலைக்கு. மனைக்கு உண்டானதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நோட்டீஸ் பழைய உரிமையாளரின் பெயருக்குப் போயிருந்தது. பட்டாவில் பெயரை மாற்றக் கேட்டுச் செயின்மேன் கொடுத்த மனு அவருடைய பழைய துறையிலேயே மூன்று வருடமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அவர் அதை அவசரப்படுத்தவில்லை. உள்ளே வேலை பார்த்தவருக்குத் தெரியும், அவசரப்படுத்தினால் கோப்புக்குக் கோபம் வரும்.

போதாது என்றால் மேல்முறையீடு செய்யலாம் அல்லவா என்று தையல்காரம்மா கேட்டார். செய்யலாம். ஆனால் விதி இது: அளந்து விசாரித்த நாளில் நேரில் இருந்த உரிமையாளர் உத்தரவிலிருந்து ஆறு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அன்று வராத உரிமையாளருக்கு ஆறு மாதம் அவகாசம். வந்தவருக்கு விவரம் தெரியும், வராதவருக்குத் தெரியாது என்ற நியாயம். உத்தரவு வந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அலுவலர் தாளைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? நேர்லதானே இருந்திருக்கீங்க? ஆறு வாரம் முடிஞ்சுபோச்சு" என்றார். வலதுபக்கக் கோட்டில் 'வரவில்லை' என்று எழுதியிருந்ததை அவர் விரலால் மறைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்தாரா, விரல் அங்கே இருந்ததா என்பது தெரியாது.

வீட்டுக்கு வந்து தையல்காரம்மா பேசியதையெல்லாம் எழுத இடம் போதாது. சாரம் இதுதான்: உலகத்தில் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பறிக்க வந்தவனுக்கு முனையைப் பிடித்துக்கொடுத்தவர் உண்டா? அதுவும் இழுத்துப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுத்தவர்? நாடா தொய்ந்திருந்தது என்று செயின்மேன் ஒருமுறை சொன்னார். அது தவறான நேரம்.

வழக்கை எடுத்தவர், கோட்டின் தோள்பட்டையைச் சரிசெய்ய அடிக்கடி கடைக்கு வரும் வக்கீலம்மா. மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து கதை முழுவதையும் கேட்டவர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அளவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கினார். இரண்டு கோடுகளையும் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அக்கா, இதுல உங்க வீட்டுக்காரர் சங்கிலி பிடிச்சவரா வந்திருக்கார். உரிமையாளரா வரவே இல்லை. அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. இதை வச்சு ஆறு மாசம் கேட்கலாம்."

அதிலிருந்துதான் கூத்து தொடங்கியது. வரவில்லை என்று தன் கையால் எழுதிய அரசுத் தரப்பு, அவர் வந்தார் என்று நிரூபிக்கப் புறப்பட்டது. வந்தார் என்று வீட்டில் தினமும் திட்டித் தீர்த்த குடும்பம், அவர் வரவில்லை என்று மனுப் போட்டது. ஒவ்வொரு தரப்பும் அடுத்த தரப்பின் உண்மையைக் கடன் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு பேருக்கும் நடுவில், நடந்ததை உள்ளபடி அறிந்த ஒரே ஆள் சாட்சிக் கூண்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவர்தான் எல்லோருக்கும் ஆபத்து.

கடையில் ஒத்திகை நடந்தது. தையல்காரம்மா கழுத்தில் நாடாவைப் போட்டுக்கொண்டு அரசு வக்கீலாக நின்றார், பாதி குனிந்தபடி. அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன் என்றார் செயின்மேன். ஆறுமுறை கேட்டார். ஆறுமுறையும் இருந்தார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா உங்களுக்கு? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பாகிட்ட சம்பளத்தை ரெண்டு மடங்காச் சொன்னது இதே வாய்தானே?"

வக்கீலம்மா இடையில் புகுந்தார். பொய் சொல்லச் சொல்லவில்லை, உரிமையாளராக நான் அங்கே இல்லை என்று சொன்னால் போதும், அது உண்மைதான் என்று பொறுமையாக விளக்கினார்.

"உடம்பு ஒண்ணுதானேம்மா இருந்துச்சு" என்றார் செயின்மேன்.

அன்று ஒத்திகை அதோடு முடிந்தது. கட்டடத்துக்காரர் வேறு, ஜெனரேட்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாக ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பிறகு கெஞ்சிக் கூத்தாடி மூன்று மாதம் வாங்கினார் தையல்காரம்மா. நிலம் போய்விட்டது. மனை விலை கிடைத்தால் டிப்போவுக்கு எதிரே ஓர் அறையை வாங்கலாம். தரிசு விலை என்றால் மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யூனிஃபார்ம்காரர்கள் யாரும் அளவு கொடுக்க ஒரு வீட்டின் படுக்கையறைக்கு வர மாட்டார்கள். வந்தாலும் இன்னொரு வழக்காகும்.

விசாரணை நாளன்று நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. அது நீதிபதிக்கு. அரசு வக்கீல் நல்ல குரல்வளம் உள்ளவர், அதை அவரும் அறிந்திருந்தார். தாளை நீட்டி இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றார் செயின்மேன். அந்த நாளில் அந்த நேரத்தில் அந்த நிலத்தில் நீங்கள் இருந்தீர்களா என்றார். இருந்தேன் என்றார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் தையல்காரம்மா கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் வென்றவனுக்கு இன்னொரு கேள்வி கேட்கும் ஆசை வராமல் இருக்காது. அவர் நீதிபதியைப் பார்த்தபடி, குரலைச் சற்று உயர்த்தி, பந்தியில் கடைசியாக நெய் விடுகிற மாதிரி அந்தக் கேள்வியை விட்டார்.

"நேர்ல இருந்தீங்க. அப்போ உரிமையாளர்ங்கிற முறையில அங்க ஏதாவது ஆட்சேபம் சொன்னீங்களா?"

"உரிமையாளர் வரலைங்களே" என்றார் செயின்மேன்.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானேய்யா உரிமையாளர்?"

"இப்போ ஆமாங்க. அப்போ நான் முனையைப் பிடிச்சிருந்தேன். பிடிச்சிருக்கிறவன் பேசக் கூடாதுங்க. உரிமையாளர் வந்து சொல்லிக்குவார்னு நானும் சுத்திப் பார்த்தேன். வழக்கமா யாராவது கத்திக்கிட்டு ஓடி வருவாங்க. அன்னைக்கு யாருமே வரலை. பாவம், வெளியூர் போலிருக்குன்னு நினைச்சேன்."

சிரிப்பு வாசலில் நின்ற காவலரிடமிருந்துதான் முதலில் வந்தது. பிறகு குமாஸ்தா, பிறகு வேறு வழக்குகளுக்காகக் காத்திருந்தவர்கள், கடைசியில் அரசு வக்கீலின் ஜூனியரும். நீதிபதி தண்ணீர் குடிப்பதுபோல் தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். கூண்டில் நின்றவர் சிரிக்கவில்லை. அவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். பின்வரிசையில் தையல்காரம்மாவும் சிரிக்கவில்லை. கைப்பை வார் மட்டும் தளர்ந்தது.

உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. மனுதாரர் உடலால் அவ்விடத்தில் இருந்திருக்கிறார்; உரிமையாளராக அழைக்கப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை; அரசே அவர் வரவில்லை என்று பதிவு செய்துவிட்டு வந்தார் என்று வாதிட முடியாது. ஆகவே மேல்முறையீட்டு உரிமை நீடிக்கிறது. இன்றிலிருந்து முப்பது நாளுக்குள் தாக்கல் செய்யலாம். நான் முதலில் கேட்ட கேள்விக்கு, முடியும் என்று முத்திரையோடு ஒரு பதில் கிடைத்துவிட்டது. தத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் முடிவதில்லை.

மேல்முறையீடு என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைவிட விளங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. மேல்முறையீடு ஜெயித்தது. ஜெயிக்க வைத்தவர் சாலை போட்ட ஒப்பந்தக்காரர். முள்ளை அகற்றியபோது அடியில் இருந்த செங்கல் கடைக்காலை இடித்து எடுத்ததற்கென்று அவர் தனியாக ஒரு பில் போட்டிருந்தார். அரசு அதைச் சரிபார்த்துப் பணமும் கொடுத்திருந்தது. தரிசு நிலத்தில் இல்லாத கடைக்காலை இடிக்கக் கூலி எப்படிக் கொடுத்தீர்கள் என்று வக்கீலம்மா கேட்டபோது நல்ல குரல்வளம் உள்ளவர் இரும ஆரம்பித்தார். மனை விலை கிடைத்தது. டிப்போவுக்கு எதிரே இன்று இருக்கும் தையல்கடையில் ஆறடிக்காரர்கள் நிமிர்ந்து நின்று அளவு கொடுக்கிறார்கள். அரை அங்குலம் சொல்லாமலே கூடுகிறது.

மிச்சம் இருப்பது அந்த முப்பது நாளில் நடந்தது.

வக்கீலம்மா மேல்முறையீட்டு மனுவை எட்டே நாளில் தயார் செய்துவிட்டார். செயின்மேன் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். அவர் இன்று, நாளை என்று நாளைக் கடத்தினார். கூண்டில் ஏறியதிலிருந்து அவர் இன்னும் குறைவாகப் பேசினார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். முன்பே குறைவு என்பதால் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது எப்படி என்று தெரியவில்லை. இருபத்தேழாம் நாள் அவர் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பத்திரத்தோடு வக்கீலம்மாவின் அறைக்குப் போனார். கூடவே, எதற்கு அழைத்துவந்தார் என்றே தெரியாமல் பதிவாளர் முன்னால் கைநாட்டும் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்திருந்த தையல்காரம்மா. அந்த நிலத்தின்மேல், அதன் இழப்பீட்டின்மேல், அதை எதிர்த்துக் கேட்பதன்மேல் தனக்கு இருந்த எல்லா உரிமையையும் அவர் மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மனுவை அந்தப் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார்.

வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயா, உரிமை உங்களுக்குன்னு இப்பத்தான் தீர்ப்பு வந்திருக்கு. அதுக்கே எவ்வளவு பட்டோம். இப்போ பேரை மாத்தினா, இவங்க யாருன்னு அவங்க புதுசா ஒரு மனு போடுவாங்க. முழுசும் கைவிட்டுப் போனாலும் போகும்."

"போடட்டும்மா."

தையல்காரம்மா பத்திரத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் நின்று, திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். கோபத்தில் இருக்கும்போது அவருக்கு வார்த்தைகளுக்குப் பஞ்சம் வராது. அன்று கோபம் இல்லை போலும்.

"என்னங்க இது? எனக்கு எதுக்கு? நீங்களே போட்டா ஆகாதா?"

வக்கீலம்மா மனுவில் பெயரை மாற்றி எடுத்துவந்ததும் செயின்மேன், கையெழுத்து எங்கே வரும் என்று வக்கீலம்மாவிடம் கேட்டு, அந்தப் பக்கத்தைப் பிரித்து மனைவி முன்னால் வைத்தார்.

ஊரில் பின்னால் பல விதமாகச் சொன்னார்கள். கூண்டில் இன்னொரு தடவை ஏறப் பயம் என்றார் கண்டக்டர். மனைவி வாய்க்கு அரசாங்கம் தாங்காது என்ற கணக்கு என்றார் கட்டடத்துக்காரர், அனுபவத்தில். செங்கல் அவளுடையது என்பதால் என்றார்கள் சிலர். அவரிடம் கேட்டவர்களும் உண்டு, வக்கீலம்மா உட்பட, தையல்காரம்மா பலமுறை. ஒருவருக்கும் பதில் கிடைத்ததில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் தெரியவில்லை.

அன்று மனைவி கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் காகிதங்களை அடுக்கித் தட்டிச் சரிசெய்தார். ஏன் ஐயா இப்படி என்று வக்கீலம்மா கடைசியாக ஒருமுறை கேட்டபோது, பன்னிரண்டரைக்கு மனு வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.